பூட்டிக் கிடந்த தளத்தில் ஒட்டடை அடித்த கதை

போன வருடம் ஆனி மாதம் டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தபோதுதான் எனக்கு ஒரு வலைத்தளம் இருப்பதே ஞாபகம் வந்தது. மிகைப்படுத்தவில்லை, உண்மையிலேயே மறந்திருந்தேன். பணம் கட்டுவதா, போகட்டும் என்று விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து, சரி, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று போனில் திறந்தால் முதலில் 'பாதுகாப்பற்ற தளம்' என்று குரோம் மிரட்டியது, அதைத் தாண்டி உள்ளே போனால் வெள்ளைத் திரை, ரொம்ப நேரம் கழித்து ஒரு சுழலும் பூகோள உருண்டை. 2010 வாக்கில் நான் பெருமையாக ஒட்டிவைத்த பார்வையாளர் கணக்கு அது. உருண்டையில் ஒரே ஒரு புள்ளி மின்னியது. நான்தான்.

2009இல் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் ஆரம்பித்தது. மாடித்தோட்டம்தான் பொருள். தொட்டியில் கத்தரி, சாக்கில் சேனை, பழைய பக்கெட்டில் புதினா, இவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு இதற்குக் கூட்டம் வந்தது. ஒரு பதிவைப் போட்டுவிட்டு, எல்லார் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டியில் இணைத்தால் பத்து நிமிடத்தில் 'மீ த பர்ஸ்ட்டு' என்று ஒருவர் வருவார், அடுத்தவர் 'வட போச்சே' என்பார், மூன்றாமவர் 'த.ம. 1' என்று ஓட்டுப் போட்டதற்கு ரசீது வைப்பார், பதிவை யாராவது படித்தார்களா என்பது நாற்பதாவது பின்னூட்டத்தில்தான் தெரியவரும். அதிலும் ஒரு சுகம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். நல்ல நாளில் இரண்டாயிரம் பேர் வரை வந்துபோனார்கள்.

அது எப்படிக் குறைந்தது என்று கேட்டால் என்னிடம் ரொம்ப வருடம் ஒரு பதில் தயாராக இருந்தது: எல்லாரும் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். 2013 ஜூலை 1ஆம் தேதி, பிடித்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடினார்கள், திரட்டிகள் ஓய்ந்தன, பதிவர்கள் ஒவ்வொருவராக ஸ்டேட்டஸ் போடப் போனார்கள், அதனால் என் கடையும் காற்று வாங்கியது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு தமிழில் இணையம் பார்ப்பவர்கள் எத்தனை மடங்கு பெருகினார்கள் என்பதை நாம் எல்லாருமே கண்ணால் பார்த்தோம். அப்படிப் புதிதாக வந்தவர்களில் 'தக்காளிப் பூ ஏன் உதிர்கிறது' என்று தேடியவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஊரே திருவிழாவுக்கு வந்த நேரத்தில் நான் கடையை அடைத்துவிட்டு 'இப்பல்லாம் யாருங்க வர்றாங்க' என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, பணத்தைக் கட்டினேன். மூன்று மாதம் பார்ப்பது, தேறவில்லையென்றால் மூடிவிடுவது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

முதலில் செய்தது, புதிதாக எதுவும் எழுதாமல் இருந்தது. இது பெரிய கட்டுப்பாடு. தளம் படுத்துவிட்டால் எல்லாருக்கும் தோன்றுவது தினம் ஒரு பதிவு போட்டால் எழுந்துவிடும் என்பதுதான். எனக்கும் தோன்றியது. ஓட்டை வாளியில் எவ்வளவு ஊற்றினாலும் என்ன ஆகப்போகிறது, முதலில் ஓட்டை எங்கே என்று பார்ப்போம் என்று, கூகுள் தேடலில் நம் தளத்தின் நிலவரத்தைக் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தேன். அது பதினாறு மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தியது கிடையாது. அந்தப் பதினாறு மாதத்திலேயே நிறைய தெரிந்தது. தேடலில் நம் பக்கம் எத்தனை முறை தலைகாட்டியது, அதில் எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள், எத்தனையாவது இடத்தில் நின்றோம் என்று மூன்று எண்களும் தனித்தனியாக வரும். மூன்றும் ஒரே காரணத்துக்காகக் குறைவதில்லை. தலைகாட்டுவதே குறைந்தால் அந்த விஷயத்தை ஆட்கள் தேடுவதில்லை, இல்லையென்றால் நம் பக்கம் கூகுளின் பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டது. இடம் இறங்கியிருந்தால் நம்மைவிட நன்றாக ஒருவர் எழுதிவிட்டார். இரண்டும் அப்படியே இருந்து க்ளிக் மட்டும் குறைந்தால், பதில் தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது, நம் வீட்டுக்கு வரவேண்டிய தேவை இல்லை. எனக்கு மூன்று வியாதியும் இருந்தன, வேறு வேறு பதிவுகளில்.

இன்னொன்று, தோட்டம் மாதிரிப் பொருளுக்கு ஜூனையும் டிசம்பரையும் ஒப்பிட்டு 'ஐயோ விழுந்துவிட்டது' என்று பதறக்கூடாது. ஆடிப்பட்டம் நெருங்கும்போது எல்லாரும் விதை தேடுவார்கள், மார்கழியில் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். போன வருடம் இதே மாதத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து, திறந்தால் பக்கமே இல்லாத முகவரிகளின் 'கிடைக்கவில்லை' பட்டியல். இதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால் முகவரியில் தமிழ் வராது. அது பாட்டுக்கு 'ப்ளாக்-போஸ்ட்', 'ப்ளாக்-போஸ்ட் 17' என்று ஆங்கிலத்தில் எண் போட்டுக்கொள்ளும். என் ஐந்து வருடப் பதிவுகள் எல்லாம் இப்படி எண் போட்ட அநாதைகள். 2014இல் அதே டொமைனை வேர்ட்பிரஸ் என்ற வேறொரு வலைப்பதிவு மென்பொருளுக்கு மாற்றியபோது பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு வழி போட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. பதிவெல்லாம் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். நண்பர்கள் அவரவர் பதிவுகளில் எனக்குக் கொடுத்திருந்த சுட்டிகள் அத்தனையும் அன்றைக்கே செத்துவிட்டன. ஃபேஸ்புக் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேனே, பாதிக் கதவை நானே செங்கல் வைத்து அடைத்திருக்கிறேன்.

எந்த எண் எந்தப் பதிவு என்று என்னிடம் கணக்கில்லை. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ஒவ்வொரு பழைய முகவரியையும் போட்டு, அது கத்தரியா கீரையா என்று பார்த்து, மகள் எக்செல்லில் ஒரு பக்கம் பழையது ஒரு பக்கம் புதியது என்று எழுத, நான் பழையதற்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திசைதிருப்பல் போட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. நடுவில் அவள், "அப்பா, இந்தப் பதிவுல ஒண்ணுமே இல்லப்பா, 'நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்'னு மட்டும் இருக்கு" என்றாள். அந்த நாளை பதினான்கு வருடமாக வரவில்லை.

வேர்ட்பிரஸில் வேறு கூத்து. அங்கே தமிழ் முகவரி வரும், ஆனால் வாட்ஸாப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக அனுமார் வால் மாதிரி நீளும். ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்தாக மாறும், வேர்ட்பிரஸ் இருநூறு எழுத்துக்கு மேல் இடம் தராது, ஆக இருபத்திரண்டு குறிக்கு மேல் போனால் வெட்டிவிடும். புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனித்தனிக் குறியாகக் கணக்காகும் என்பதை மறக்கக் கூடாது. 'மாடித்தோட்டத்தில் வெண்டை வளர்ப்பு' என்ற என் பதிவின் முகவரி 'மாடித்தோட்டத்தில் வெண்ட'வோடு நின்றிருந்தது. சொந்தக்காரர் குழுவில் ஒருமுறை இதைப் போட்டபோது ஒரு பெரியம்மா 'யாரும் தொடாதீங்க, வைரஸ்' என்று எச்சரித்தார். இப்போது புதிய பதிவுகளுக்கு இரண்டு மூன்று சொல்லில் ரோமன் எழுத்தில் குட்டி முகவரி வைக்கிறேன். தமிழ்ப்பற்று பதிவுக்குள் இருந்தால் போதும். பழையவற்றில் பெரிய மாற்றம் வந்தவற்றை மட்டும் தொட்டேன். எல்லாவற்றையும் மாற்றினால் மறுபடி மூன்று ஞாயிறு.

வேகம். என் ஆபீஸ் வைஃபையில் தளம் பளிச்சென்று திறக்கும், அதனால் முதல் நாள் பார்த்த வெள்ளைத் திரையை என் போன் கோளாறு என்றே நினைத்திருந்தேன். திருவாரூர் பக்கம் இருக்கும் மச்சானிடம் போனில் சொல்லித் திறக்கச் சொன்னேன். அவரிடம் இருப்பது ஐந்து வருடப் பழைய போன், வயலில் நிற்கிறார். "மாமா, சுத்திக்கிட்டே இருக்கு... இன்னும் சுத்துது... மாமா, நீங்க வேணா சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்றார். முகப்புப் பக்கம் மட்டும் 9 எம்பி இருந்தது. போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியது, மேலே தானாக நகரும் படவரிசை, பகிர்வு பட்டன் போடும் துணைநிரல் (ப்ளகின்) இரண்டு (ஏன் இரண்டு என்று எனக்கே தெரியவில்லை), அந்த உருண்டை, அப்புறம் நான் ஆசைப்பட்டு வைத்திருந்த தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துரு முழுதாக இறங்கும்வரை ஒரு எழுத்துகூடத் திரையில் தெரியாமல் இருந்ததுதான் மச்சான் பார்த்த வெள்ளைக்குப் பாதிக் காரணம். தூக்கிவிட்டேன். போனில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்தே போதும், யாரும் எழுத்தின் அழகைப் பார்க்க மாவுப்பூச்சிப் பதிவுக்கு வருவதில்லை. படங்களைச் சுருக்கி, எடை குறைந்த வெப்பி (WebP) வடிவில் மாற்றினேன், உருண்டையைக் கனத்த மனதோடு கழற்றினேன். பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரை வினாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு, இப்போது அதற்குள் வந்துவிடுகிறது. பாதுகாப்புச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பில் இலவசம், காலாவதியாகும் முன் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. 2018லிருந்தே குரோம் பூட்டில்லாத தளங்களை எல்லாம் காட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

படங்களில் பாதி ஏற்கெனவே போயிருந்தன. இலவசமாகப் படம் ஏற்றிவைக்கும் ஒரு தளத்தில் போட்டு அங்கிருந்து இழுத்துக் காட்டியிருந்தேன். ஒரு நாள் அவர்கள் கடையைச் சாத்தினார்கள், படம் இருந்த இடமெல்லாம் சாம்பல் கட்டம். பரணில் இருந்த பழைய ஹார்டு டிஸ்கில் கொஞ்சம் தேறியது. அவ்வளவுதான்.

இதெல்லாம் தச்சு வேலை. உண்மையான வேலை பதிவுகளைத் திரும்பப் படித்ததுதான், 412 இருந்தன. ஒன்றுவிடாமல் படித்தேன். பரிந்துரைக்கமாட்டேன், ஆனால் வேறு வழியில்லை. தன் பழைய எழுத்தை வரிசையாகப் படிப்பவனுக்குத் தன்மேல் இருக்கும் மரியாதை ஒரு வாரத்தில் போய்விடும்.

மாவுப்பூச்சியைப் பற்றி மட்டும் ஏழு பதிவு. ஏழிலும் ஒரே வேப்பெண்ணெய், ஒரே சோப்புத் தண்ணீர். கூகுள் ஏழில் எதைக் காட்டுவது என்று குழம்பி எதையுமே காட்டவில்லை. ஏழும் தனித்தனியே ஐந்தாவது ஆறாவது பக்கத்தில் கிடந்தன. ஏழையும் சேர்த்து ஒன்றாக எழுதி, மற்ற ஆறையும் அதற்குத் திருப்பிவிட்டேன். சேர்க்கும்போதுதான் இன்னொன்று கவனித்தேன். 2009இல் எழுதியது பப்பாளி மாவுப்பூச்சி பற்றியது. 2008இல்தான் அது இந்தியாவில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டது, அடுத்த ஓரிரு வருடம் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெளுத்து வாங்கியது. நான் பீதியில் கண்ட மருந்தையும் எழுதியிருக்கிறேன். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள், அது பூச்சியை அடக்கிவிட்டது. கண்டதையும் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். என் பதிவு அதற்குப் பிறகும் பதிமூன்று பதினான்கு வருடம் 'அடியுங்கள் அடியுங்கள்' என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

இதைவிட மோசம், 2010இல் எழுதிய ஒரு கத்தரிப் பதிவில், பூச்சி மருந்துக் கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதி எண்டோசல்பான் பெயரைப் போட்டிருந்தேன். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடைவிதித்த மருந்து. அந்தப் பதிவுக்கு மாதம் இருபது முப்பது பேர் இன்னமும் வந்துகொண்டிருந்தார்கள். தளத்தின் கூட்டம் குறைந்ததே நல்லது என்று அன்றிரவு முதல்முறையாக நினைத்தேன்.

அந்த வரியை எடுத்தேன், எடுத்ததை மேலேயே தேதி போட்டு எழுதிவைத்தேன். உள்ளே ஒரு வார்த்தைகூட மாற்றாமல் தேதியை மட்டும் இன்றைய தேதியாக்கிப் புதுசு மாதிரிக் காட்டும் வித்தை ஒன்று ஊரில் நடக்கிறது. அது பழைய மாவை மறுபடி கரைத்து ஊற்றுவது, வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

412இல் இப்போது இருப்பது 170 சொச்சம். பொங்கல் வாழ்த்து, 'இந்த வாரம் ஊருக்குப் போகிறேன்', நூறாவது பதிவுக் கொண்டாட்டம், எல்லாவற்றையும் நீக்கினேன். பின்னூட்டங்களுக்காக மட்டும் நாலைந்தை விட்டுவைத்திருக்கிறேன், அதில் எழுதிய இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

தலைப்புகளையும் மாற்றினேன். நான் 'வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயும் தீர்வும்' என்று வேளாண்மைப் பாடப்புத்தகம் மாதிரி வைத்திருந்தேன். சர்ச் கன்சோலில் மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று பார்த்தால், 'வெண்டை செடி இலை மஞ்சள் ஆகுது என்ன செய்ய', அதுவும் முக்கால்வாசி ரோமன் எழுத்தில், இல்லையென்றால் போனிடம் வாயால் சொன்னது. அப்படிக் கேட்பவருக்கு நோயின் பெயர் தெரியாது, தெரிந்திருந்தால் கேட்கவே மாட்டார். இப்போது தலைப்பு 'வெண்டை இலை மஞ்சளாகிறதா? நரம்பு மட்டுமா, இலை முழுக்கவா என்று முதலில் பாருங்கள்'. நரம்பு மட்டும் மஞ்சள் என்றால் வெள்ளை ஈ பரப்பும் நோய், செடியைப் பிடுங்கிப் போடுவதைத் தவிர பெரிதாக வழியில்லை. இலை முழுக்க என்றால் பெரும்பாலும் உரமோ தண்ணீரோ. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம், என் மாடியிலேயே எடுத்தது. அந்தப் பதிவு ஒன்றே இப்போது மொத்த வருகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுவருகிறது.

நடுவில் ஒரு சபலமும் வந்தது. ஏஐயிடம் கொடுத்தால் ஒரே நாளில் ஐம்பது பதிவு தரும், போட்டுத் தள்ளு என்றான் ஆபீசில் ஒரு தம்பி. ஆறு எழுதவைத்துப் பார்த்தேன். தமிழ் நன்றாகவே இருந்தது. ஒன்றில் சென்னை மொட்டைமாடியில் சித்திரையில் காலிஃபிளவர் நடச் சொன்னது. அந்த வெயிலில் நட்டால் நாற்று அப்படியே அப்பளமாகிவிடும். ஆறையும் தூக்கிப்போட்டேன். 2024 மார்ச்சில் கூகுள் மொத்தமாக உற்பத்தி செய்து கொட்டும் பதிவுகளுக்கு எதிராகத் தனியாகவே விதி கொண்டுவந்தது, ஆனால் நான் அந்த விதிக்குப் பயந்து நிறுத்தவில்லை, காலிஃபிளவருக்குப் பயந்துதான். 'உங்கள் தளத்தைப் பார்வையிட்டேன், முதல் பக்கத்தில் கொண்டுவருகிறேன்' என்று வாரம் நான்கு பேர் மெயில் அனுப்புகிறார்கள். பார்வையிட்டதாகச் சொன்ன ஒருவர் என் தளத்தை ஏற்றுமதி நிறுவனம் என்று நினைத்திருந்தார்.

'ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி வேப்பெண்ணெய்' மாதிரிப் பதிவுகளை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டேன். ஐந்து மில்லி என்று தேடல் பக்கமே மேலே சொல்லிவிடும், அதற்கு யாரும் உள்ளே வரப்போவதில்லை, வரவும் தேவையில்லை. அதைக் கலந்து அடித்தும் ஏன் போகவில்லை என்பதற்குத்தான் வருவார்கள். உச்சி வெயிலில் அடித்து இலை கருகிய கதை என்னிடம் படத்தோடு இருக்கிறது.

கடைசியாகத்தான் பின்னூட்டப் பகுதியைத் திறந்தேன், பயம்தான் காரணம். ஆயிரக்கணக்கில் குப்பை. சூதாட்டம், மாத்திரை, கடன். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழிக்கப்போனவன், சும்மா ஐந்தாறு பக்கம் புரட்டினேன். நடுவே தமிழில் ஒன்று: 'ஐயா முருங்கை மரம் முழுக்க கம்பளிப்பூச்சி, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்.' திண்டுக்கல் பக்கம் ஒரு ஊர், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. குப்பையை வடிகட்டும் ப்ளகின் இதையும் சேர்த்து வடிகட்டியிருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுக்கியதில் அறுபத்திமூன்று உண்மையான கேள்விகள் தேறின. கேட்கிறார்கள், பதில் இல்லை, போய்விடுகிறார்கள். இதைத்தான் நான் 'எங்கேஜ்மென்ட் குறைந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுபத்திமூன்று பேருக்கும் மன்னிப்போடு பதில் எழுதினேன். பகலில் மரத்தின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது தீப்பந்தம் காட்டியோ தண்ணீரைப் பீச்சியோ தள்ளலாம், பிள்ளையை அந்தப் பக்கம் விடவேண்டாம் என்று முருங்கைக்காரருக்கு எழுதினேன். பத்துப் பதினைந்து பேர் திரும்ப எழுதினார்கள். முருங்கைக்காரரும் எழுதினார்: 'மரத்தை வெட்டிவிட்டோம் ஐயா. பரவாயில்லை, இப்போது பப்பாளி இருக்கிறது, அதில் வெள்ளையாக ஏதோ.' சேர்த்து எழுதிய மாவுப்பூச்சிப் பதிவை அனுப்பிவைத்தேன்.

மெயிலில் செய்திமடல் என்று ஆரம்பித்து ஒரு மாதத்தில் விட்டேன், நம் ஆட்கள் மெயிலை ஓடிபி பார்க்க மட்டும்தான் திறக்கிறார்கள். வாட்ஸாப் சேனல் எடுபட்டது. ஞாயிறு காலை ஒரே ஒரு செய்தி, அந்த வாரம் மாடியில் செய்யவேண்டிய ஒரு வேலை, கீழே பழைய பதிவின் சுட்டி. 'குட் மார்னிங்' கிடையாது. ஆடி பிறப்பதற்குப் பத்து நாள் முன்னால் விதை பற்றிப் போட்டதுதான் இதுவரை அதிகம் பேர் திறந்தது.

இப்போது நாளைக்கு முன்னூற்றைம்பது, நானூறு பேர். இரண்டாயிரம் திரும்பி வராது, அந்த இரண்டாயிரத்தில் பாதி நாங்களே மாறி மாறிப் போய்வந்ததுதான். ஆறு பட்டனும் இரண்டு ப்ளகினும் குறைந்த தளம் மச்சானின் போனில் திறக்கிறது. மூன்று மாதக் கெடு முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது, வீட்டில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போன வாரம் பூசணிப் பதிவைத் திருத்திப் போட்டேன். அரைமணி நேரத்தில் ஒரு பின்னூட்டம். 'மீ த பர்ஸ்ட்டு.' பழைய ஆள், பத்து வருடமாகத் தொடர்பில்லை, எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. கீழேயே இன்னொரு வரி போட்டிருந்தார்: 'சும்மா கும்மிக்கு வரலை, எங்க வீட்டுப் பூசணியில் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி விழுது, அதுக்கும் ஒரு வழி சொல்லும்.' நாளைக் காலை ஏழு மணிக்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவும், எட்டு மணிக்கு மேல் எழுந்து வந்து என்னைத் திட்டாதீர் என்று பதில் போட்டேன்.